மச்சில் அடைபட்ட காற்று

வீட்டின் உச்சந்தலையில் ஓட்டை போட்டுக் கொடுத்து, அதற்குக் கூலியும் வாங்குகிற தொழில் என்னுடையது.

ஓட்டை விழுந்தால் அடைக்கத்தான் ஊரில் ஆள் தேடுவார்கள். நான் எதிர்ப்பக்கம். ஓட்டுக்கும் அதன் கீழே இருக்கிற பலகை மச்சுக்கும் நடுவே, அல்லது தகரத்துக்கும் பால்ஸ் சீலிங்குக்கும் நடுவே, ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஓர் இருட்டு இருக்கிறதல்லவா, அதற்குள் காற்று நுழைய ஒரு வழியும் வெளியேற ஒரு வழியும் வேண்டும். தாழ்வாக ஒன்று, முகட்டில் ஒன்று. சூடேறிய காற்று தானாக மேலே போய்விடும். போன இடத்துக்குக் கீழேயிருந்து புதுக்காற்று வரும். வித்தை இவ்வளவுதான். இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள்தான் எனக்கு மூச்சு வாங்குகிறது.

பள்ளிக்கூடம் தமிழில், கல்லூரி இங்கிலீஷில் படித்தேன். வளைகுடாவில் பெரிய கட்டடங்களுக்குள் காற்றுக் குழாய் ஓட்டிக்கொண்டிருந்தேன். அங்கே இந்த வேலைக்கு எத்தனையோ சொல் உண்டு. ஊருக்குத் திரும்பி வண்ணார்பேட்டையில் கடை பிடித்து 'மச்சுக் காற்றோட்டப் பணிகள்' என்று எழுதச் சொன்னபோது, போர்டு எழுதியவர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, "இது என்ன சீக்குக்கு வைத்தியம்?" என்று கேட்டார். கொஞ்ச நாளில் ஊரே எனக்குப் பெயர் வைத்துவிட்டது: ஓட்டை இன்ஜினியர். கூட வேலை பார்ப்பவர் இசக்கிமுத்து ஆசாரி. ஏணியும் அவருடையது, நாக்கும் அவருடையது.

பகல் இரண்டு மணிக்கு ஃபேனைப் போட்டால் அடுப்பிலிருந்து வீசுகிற மாதிரி வெக்கை இறங்கும் வீட்டில் குடியிருப்பவர்களே, நீங்கள் என் சொந்தக்காரர்கள். உங்களுக்குச் சொல்லலாம். இதில் எனக்கு நிஜமாகவே ஒரு சொந்த வழக்கும் உண்டு. பாளையங்கோட்டையில் என் அக்கா பார்வதி. அத்தான் வருவாய்த் துறையில் நல்ல பதவியில் இருந்தவர். ஓய்வு பெற்ற கையோடு பழைய ஓட்டு வீட்டைப் புதுசாக்கினார். புறாத் தொல்லை என்று மச்சு ஜன்னல் இரண்டையும் செங்கல் வைத்து அடைத்தார். அறைகளுக்கு பால்ஸ் சீலிங் போட்டு அதில் வரிசையாக விளக்குப் பதித்தார். அதற்கு அப்புறம்தான் அக்காவுக்கு இழுப்பு வந்தது. மச்சைத் திறக்கவேண்டும் என்கிறவன் நான். முடியாது என்கிறவர் அத்தான். நடுவில் மூச்சுக்குத் திணறுகிறவள் அக்கா.

சுற்றினால் எரியவேண்டும்

பேட்டையில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் வீடு. மாடியில் தகரம் போட்ட அறை. தகரத்தின் உச்சியில் காற்றுக்குச் சுற்றுகிற அலுமினியக் குடம் ஒன்றைப் பொருத்திவிட்டு வந்தேன். உள்ளே தேங்குகிற சூட்டை அது உறிஞ்சி வெளியே தள்ளும். ஆனிக் காற்று. குடம் பம்பரமாகச் சுற்றியது. சில நாள் கழித்து வாத்தியார் போன் செய்தார். "சுத்துது. ஆனா ஒண்ணும் வரமாட்டேங்கு." மழைத்தண்ணீர்தான் வரவில்லை என்கிறாரோ, நல்லதுதானே என்று நினைத்துக்கொண்டு போனேன்.

மாடி ஏறியதும் அப்படியே நின்றுவிட்டேன். குடத்தின் அடிப்பாகத்தில் ஒயர் சுற்றி, அதைச் சுவரோடு ஆணி அடித்து இறக்கி, கீழே ஒரு பல்பு மாட்டி, பக்கத்தில் சுவிட்சும் வைத்திருந்தார். தெருவில் நாலு பேரிடம் காற்றாலை வைத்திருப்பதாகச் சொல்லியும் விட்டாராம். நான் சூட்டைப் பற்றி விளக்கினேன். அறை முன்னைவிடக் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது, மத்தியானம் அங்கேதான் படுக்கிறேன் என்று ஒப்புக்கொண்டார். இருந்தாலும் ஏமாற்றம் ஆறவில்லை. குடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே சொன்னார்: "இம்புட்டு சுத்தியும் ஒரு பல்பு எரியலைன்னா, இந்தச் சவம் என்னத்துக்கு வே சுத்துது?"

அடுக்களைப் படுக்கை

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். படுக்கையறையில் புதுசாக ஒரு மெஷின் நின்றது. காற்றைச் சுத்தம் செய்யுமாம். ஏசி வேறு. கதவிடுக்கில் துணி செருகியிருந்தது. அத்தான் எனக்கு அதன் பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கிக் காட்டினார். அக்காவுக்காக அவர் செய்யாதது இல்லை. வெந்நீர் வைத்துக் கொடுப்பார், முதுகைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருப்பார், ஊரில் இருக்கிற டாக்டர் எல்லாரிடமும் கூட்டிக்கொண்டு போய்வந்துவிட்டார். மச்சைப் பற்றி நான் வாயைத் திறந்தால் மட்டும் முகம் மாறிவிடும்.

அடுக்களைக்குள் போனேன். அங்கே மூலையில் பாய் சுருட்டி வைத்திருந்தது, பக்கத்தில் தலையணை. அக்கா அங்கேதான் படுக்கிறாளாம். அந்த ஒரு அறைக்குத்தான் பால்ஸ் சீலிங் போடவில்லை. ஓட்டுச் சந்தில் வெளிச்சம் தெரிந்தது. "பாத்தீங்களா அத்தான், இங்கன வந்தா அவளுக்கு மூச்சு விட முடியுது" என்றேன். அத்தான் காபி டம்ளரை என் கையில் கொடுத்தபடி சொன்னார்: "மாப்ளே, நீ தொழிலுக்கு ஆள் பிடிக்கணும்னா வெளியில பிடி. என் பொண்டாட்டி மூச்சை வச்சு விளம்பரம் பண்ணாத."

குனிந்து நின்ற மெழுகுவர்த்தி

விக்கிரமசிங்கபுரத்தில் ஆறுமுகம் என்பவர் வீடு. நூல் மில்லில் ராத்திரி ஷிஃப்ட். பகலில் தூங்கவேண்டியவர். கீழே பிள்ளைகள், டிவி, மிக்சி. அதனால் மாடியில் தகரம் போட்ட அறையில் படுப்பார். மலையிலிருந்து இறங்கி வருகிற குரங்குகளுக்குப் பயந்து, சுவருக்கும் தகரத்துக்கும் நடுவே இருந்த இடைவெளியை எல்லாம் சிமெண்டு பூசி அடைத்துவிட்டார்கள். வேலை நேரத்தில் தூங்கி விழுகிறார், மேஸ்திரி எச்சரித்துவிட்டார், இன்னொரு தடவை என்றால் வேலை நிலைக்காது என்று அவர் மனைவிதான் எனக்குப் போன் செய்திருந்தார்.

புரட்டாசி வெயில். உச்சிப்பொழுது. அந்த அம்மா கதவைத் திறந்ததும் முகத்தில் அறைந்தது சூடு. உள்ளே ஆறுமுகம் ஈரக் கைலியைப் போர்த்திக்கொண்டு மல்லாந்து கிடந்தார். கூப்பிட்டேன். அசையவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். ஆசாரி தண்ணீர்ச் செம்போடு ஓடினார். அந்த அம்மா மட்டும் நிதானமாக, "அவுக அப்படித்தான், எழும்ப நேரம் ஆகும்" என்றார். தண்ணீர் தெளித்த பிறகு கண்ணைத் திறந்து, "ஷிஃப்டுக்கு நேரமாச்சா?" என்று கேட்டார். அப்போதுதான் அலமாரித் தட்டைக் கவனித்தேன். கரண்டு போனால் ஏற்ற வைத்திருந்த மெழுகுவர்த்தி இடுப்பு ஒடிந்து, தலை தட்டைத் தொடுகிற அளவுக்குக் குனிந்து நின்றது. மெழுகே நிற்க முடியாத இடத்தில் ஒரு மனிதர் தூங்கியிருக்கிறார்.

சிமெண்டை உடைத்து, இடைவெளிக்குக் குரங்கு கைவிட முடியாத கம்பி வலை அடித்து, தகரத்தின் மேல் குடம் வைத்தோம். மறுநாளே ஒரு குரங்கு வந்து குடத்தைக் கையால் சுற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம். அதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை, காற்றில்லாத நாளில் அதுவும் உதவிதான். பிறகு ஒருநாள் எப்படி இருக்கிறது என்று விசாரிக்கப் போனபோது அந்த அம்மா சொன்னார்: "முந்தியெல்லாம் தூக்கம் கெட்டு எந்திரிச்சு என்கூட சண்டைக்கு வருவாவ சார். இப்ப நல்லா உறங்குதாவ, எனக்குத்தான் பொழுது போகமாட்டேங்கு."

சாமி இறங்கிய சுவர்

ஐப்பசி மழை தொடங்கியிருந்தது. திசையன்விளையிலிருந்து கருப்பட்டி வியாபாரி ஒருவர் போன் செய்தார். "வீட்டுல சாமி இறங்கியிருக்கு. கூரையும் ஒழுகுது. ரெண்டையும் வந்து பாருங்க" என்றார். போனோம். வாசல் நிறையச் செருப்பு. உள்ளே பெண்கள் கைகூப்பி நிற்கிறார்கள். பூஜை அறைக்குப் பக்கத்தில், பால்ஸ் சீலிங் மூலையிலிருந்து சுவரோடு கருஞ்சிவப்பாக ஒன்று வழிந்து இறங்கியிருக்கிறது. அதற்கு மஞ்சளும் குங்குமமும் வைத்து, கீழே விளக்கேற்றியிருக்கிறார்கள். சொல்வதற்கென்ன, எனக்கும் ஒரு நிமிஷம் உடம்பு சிலிர்த்தது. ஆசாரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், சுவரில் விரலை வைத்து எடுத்து நாக்கில் தடவினார். பின்னால் யாரோ "ஐயோ" என்றார்கள். அவர் என் காதோரம் வந்து, "அண்ணாச்சி, கருப்பட்டி" என்றார்.

விஷயம் இதுதான். மழைக்காலத்து விலைக்காக வியாபாரி எப்போதும் மச்சில்தான் கருப்பட்டிப் பெட்டிகளை அடுக்குவார். முன்பு அடுக்களையில் விறகு எரிந்தது. புகை மச்சுக்கு ஏறி, பெட்டிகளைக் காயவைத்து, முகட்டுச் சந்து வழியாக வெளியே போய்விடும். கேஸ் அடுப்பு வந்தது, புகை நின்றது. சந்து எதற்கு என்று அடைத்தார்கள். கீழே அழகுக்கு ஒரு பால்ஸ் சீலிங். மழை ஈரம் உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து, ஓலைப்பெட்டிக்குள் கருப்பட்டி வியர்த்து, இளகி, ஒழுகிவிட்டது. மச்சுக்குள் என் முழங்கை வரை பிசுபிசுப்பு. எறும்பு ஊர்கிற சத்தம்கூடக் கேட்டது என்றால் நம்புவீர்களா?

வியாபாரியைத் தனியாக மேலே கூட்டிப் போய்க் காட்டினோம். சரக்கு போன துக்கத்தைவிட வேறு ஏதோ ஒன்று அவரை அழுத்தியது. கீழே ஒரு கிழவர் அப்போதுதான் சுவருக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அதை ஏணிப்படியிலிருந்து பார்த்துவிட்டு வியாபாரி முணுமுணுத்தார்: "சாமின்னு விழுந்து கும்பிட்டவன்ட்ட, கருப்பட்டின்னு இனிமே நான் எப்படி வே சொல்ல?"

ஸ்வெட்டர்

ஆழ்வார்திருநகரியில் ஒரு மாமி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். மகன் அமெரிக்காவில். மாமி தனியாக இருக்கிறார். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். நீளமான, குறுகலான வீடு. காற்று வந்தால் மச்சு வழியாகத்தான் வரவேண்டும். மகன் ஏதோ வீடியோவில் பார்த்துவிட்டு, யாரோ ஒரு ஒப்பந்தக்காரரை அனுப்பி, ஓட்டுக்கு அடியில் சந்து பொந்து விடாமல் ஒருவகை நுரையைப் பீய்ச்சி அடைத்துவிட்டார். நுரை காய்ந்து மஞ்சள் பாறையாகிவிட்டது. அதற்கப்புறம் வீட்டுக்குள் என்னமோ ஈரத்துணி வாடை என்று மாமி என்னைக் கூப்பிட்டார்.

மகன் வீடியோ காலில் இருந்தார். என்னிடம் இங்கிலீஷ், மாமியிடம் தமிழ். நான் மச்சில் தவழ்ந்துகொண்டே இரண்டு பேருக்கும் பதில் சொன்னேன். நுரையைக் கொஞ்சம் பெயர்த்து எடுத்து, உள்ளே இருந்த உத்தரத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தேன். குத்தவே இல்லை என்றுதான் சொல்லவேண்டும். வெறுமனே வைத்தேன், அது கைப்பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. ஊறின இட்லியில் குச்சியைச் செருகினால் எப்படிப் போகும், அப்படி. அந்த உத்தரத்துக்கு நேர் கீழேதான் மாமியின் நாற்காலி. அதில் உட்கார்ந்துதான் அவர் போனில் பேரப்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறார். மகன், "வீடு தாங்கும்தானே?" என்று இங்கிலீஷில் கேட்டார். ஸ்க்ரூ டிரைவரை உருவி, மறுபடியும் செருகிக் காட்டினேன்.

மாமியை அன்றைக்கே முன்கட்டுக்கு மாற்றினோம். முட்டுக்கொடுத்து, உத்தரம் மாற்றி, முகட்டில் வழி விட்டோம். மகன் தான் செய்தது நல்லதற்குத்தான் என்று இன்னும் விளக்கிக்கொண்டிருந்தார், அங்கே எல்லா வீட்டிலும் இப்படித்தானாம். மாமி போனை என் கையிலிருந்து வாங்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அங்க குளிர்றதுன்னா நீ போட்டுக்கோடா. என் ஆத்துக்கு எதுக்கு ஸ்வெட்டர்?"

மாப்பிள்ளை மட்டும்

கார்த்திகை முடிகிற நேரம், தச்சநல்லூரில் ஓர் ஓட்டு வீடு. மேலே ஒழுகவில்லை, ஆனால் மச்சுப் பலகை எப்போதும் நனைந்தே இருக்கிறது என்றார்கள். தலையை மட்டும் உள்ளே நீட்டி டார்ச் அடித்தேன். டார்ச்சைக் கீழே போட்டுவிட்டேன். மேலேயிருந்து ஆள் உயரத்துக்கு இரண்டு முகங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு என்னையே பார்த்தன. அந்த வீட்டுக் கல்யாண பேனர். விழா முடிந்ததும் வீணாக்குவானேன் என்று ஓட்டுக்கு அடியில் விரித்திருக்கிறார்கள். நம் ஊரில் இது இப்போது எல்லா வீட்டிலும் நடக்கிறது. ஓட்டுச் சந்தில் வருகிற மழை நிற்கும், வாஸ்தவம். கூடவே வீட்டுக்குள்ளிருந்து ஏறுகிற ஆவியும் நின்றுவிடும். பேனரில் முட்டி, தண்ணீராகி, சொட்டும். இங்கே அது பேனர் தொய்ந்து தாழ்ந்திருந்த இடத்தில் சேர்ந்து, மாப்பிள்ளையின் இரண்டு கண்ணிலிருந்தும் பொட்டுப்பொட்டாக விழுந்துகொண்டிருந்தது. மணப்பெண் முகம் காய்ந்து பளிச்சென்று இருந்தது.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தது அந்த மணப்பெண்தான், இடுப்பில் குழந்தையோடு. என்ன தெரிகிறது என்று கேட்டாள். பார்த்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். முகத்தை அப்படியே வைத்துக்கொண்டு சொன்னாள்: "தாலி கட்டுத அன்னைக்கு நான் அழுதேன். இப்ப அவுக முறை."

தை பிறக்கட்டும்

திரும்பி வருகிற வழியில் ஒன்று ஞாபகம் வந்து பைக்கை ஓரம் கட்டினேன். அத்தானின் பணி நிறைவு விழாவுக்குத் தெரு முனையிலிருந்து வீட்டு வாசல் வரைக்கும் பேனர் கட்டியிருந்தார்கள். மறுநாள் ஒன்றுகூட இல்லை. யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அப்போது நினைத்தேன். நேரே பாளையங்கோட்டைக்குப் போய்க் கேட்டேன். அத்தான் பெருமையாகவே சொன்னார்: "எல்லாம் ஓட்டுக்கு அடியிலதான் இருக்கு. ஒரு சொட்டு ஒழுகுதா பாத்தியா?" தச்சநல்லூரில் பார்த்ததைச் சொன்னேன். முதன்முறையாக மறுத்துப் பேசாமல் கேட்டார். அடுக்களையிலிருந்து இருமல் கேட்டது. அதையும் கேட்டார். பிறகு நாட்காட்டியைப் பார்த்தார். மார்கழி பிறக்கப்போகிறது, மார்கழியில் யாரும் வீட்டு வேலை தொடங்கமாட்டார்கள், தை பிறக்கட்டும், திறந்துகொள் என்றார்.

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும். மத்தியானம் அத்தானிடமிருந்து போன், உடனே ஆஸ்பத்திரிக்கு வா என்று. நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்காவின் முகத்தில் ஆக்சிஜன் மாட்டியிருந்தது. உதடு நீலமாக இருந்தது. அன்றைக்குப் பார்த்து விருந்தாளிகள் வந்திருந்ததால் படுக்கையறையில் கொஞ்ச நேரம் படுத்தாளாம். அவ்வளவுதான். டாக்டர் சின்ன வயசு. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வீட்டில் புறா வளர்க்கிறீர்களா என்று கேட்டார். அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். "புறாவா? ஒண்ணுகூட உள்ள வர முடியாதபடி அடைச்சு வச்சிருக்கேன் டாக்டர்."

ஆடியில் அடைத்தது

ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவை ஆட்டோவில் கூட்டி வந்தோம். வாசலில் நின்றதும் அவள் இறங்கவில்லை. மச்சைத் திறந்தால்தான் உள்ளே வருவேன் என்றாள். அத்தான் மெதுவாக, தைக்கு இன்னும் இரண்டு நாள்தானே என்றார். தெருவில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அக்கா அதிர்ந்து பேசுகிறவள் அல்ல. அன்றைக்கும் பேசவில்லை. அதற்கு வேண்டிய மூச்சும் இல்லை. ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தாள்: "திறக்கதுக்கு மாசம் பாக்கியளே, அடைச்சது ஆடியிலதான?"

இறங்கி வந்தவர்

ஆசாரி செங்கலை உருவ உருவ உள்ளேயிருந்து வந்த வாடையில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஈரமும் எச்சமும் அழுகலும் கலந்த ஒன்று. மூக்கைக் கட்டிக்கொண்டு நுழைந்தேன். மச்சு முழுக்க அத்தான். கும்பிட்டபடி ஒரு அத்தான், மாலையோடு ஒரு அத்தான், கோப்பில் கையெழுத்துப் போடுகிற ஒரு அத்தான். எல்லா முகத்திலும் கரும்பூசணம் தாடி மாதிரி படர்ந்திருந்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஆனால் என்னை உலுக்கியது அது இல்லை. மூலையில் புறாக்கள் இருந்தன. இறகும் எலும்புமாக. ஜன்னலை அடைத்தபோது அவை உள்ளே இருந்திருக்கின்றன. உள்ளே வரத்தான் முடியாது என்று அத்தான் சொன்னார். வெளியே போகவும் முடியவில்லை. அதன் கீழே பால்ஸ் சீலிங்கின் முதுகு நெடுக, வருஷக்கணக்கான எச்சம் பொடிப்பொடியாகக் கிடந்தது. அதற்கு நடுநடுவே வட்டவட்டமாக வெளிச்சம். விளக்குப் பதிக்க வெட்டிய ஓட்டைகள். விளக்கைச் சுற்றி விரல் நுழைகிற சந்து. ஒன்றில் கண்ணை வைத்துக் குனிந்து பார்த்தேன். நேர் கீழே அக்காவின் தலையணை. டாக்டர் ஏன் புறாவைக் கேட்டார் என்று புரிந்துவிட்டது: ஏசி போடும்போதெல்லாம் இந்தப் பொடிதான் அவள் மூச்சுக்குள் இறங்கியிருக்கிறது.

அத்தான் தானும் பார்க்கவேண்டும் என்றார். மூட்டுவலிக்காரர், ஏணி வேண்டாம் என்றோம். கேட்கவில்லை. ஏறி உள்ளே போனார். பிறகு மேலேயிருந்து அவர் குரல் மட்டும் வந்தது, நான் அதுவரை கேட்டிராத குரல். "மாப்ளே, இந்த ஓட்டை நேரா இவ தலைமாட்டுலயா வருது?" இறங்கி வந்ததும் யாரையும் பார்க்காமல் படுக்கையறைக்குப் போய், அக்காவின் மெத்தையைத் தானே சுருட்டித் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். கொல்லைப்பக்கம் கொண்டுபோய்ப் போட்டார்.

அக்காவைப் பக்கத்து வீட்டில் தங்கவைத்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்கினோம். எல்லாவற்றையும் நனைத்து, வாரி, பால்ஸ் சீலிங்கைப் பிரித்து, மச்சு ஜன்னலுக்குப் புறா நுழையாத வலை அடித்தோம். மறுபடியும் அடைக்கலாமா என்று அத்தான் கேட்கவில்லை. முகட்டில் வழி விடும்போது ஓடுகளை அவரே எடுத்துக் கொடுத்தார். இழுப்பு ஒரே நாளில் போய்விடவில்லை. டாக்டர் மருந்தை நிறுத்தவும் இல்லை. ஆனால் மாசி பிறந்தபோது அக்கா தன் அறையில் படுத்தாள், பங்குனியில் நாலு வாக்கியத்தைச் சேர்ந்தாற்போல் இருமாமல் சொன்னாள். அதில் பாதி என்னைத் திட்டுவதாக இருந்தது, ஏன் முன்னாலேயே செங்கலை உடைக்கவில்லை என்று. பேனர்களை இறக்கிய அன்றைக்கு நடந்ததை மட்டும் சொல்லி முடிக்கிறேன். கடைசி பேனர் ஓட்டோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. ஆசாரியும் நானும் சேர்ந்து இழுக்க, அது வாசல் முற்றத்தில் தொப்பென்று விழுந்து விரிந்தது. 'பணி நிறைவு பாராட்டு', அதன் கீழே மாலையோடு, பூசணத் தாடியோடு அத்தான். நிஜ அத்தான் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பக்கத்து வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அக்கா, அந்த முகத்தையும் இந்த முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ரிட்டயர் ஆகி எம்புட்டு நாளாச்சு, இப்பத்தான் இறங்கி வந்திருக்காவ."

காற்று போகிற ஓட்டையைப் பயந்து அடைத்துவிட்டு, அழகுக்காகத் தலைமாட்டில் ஓட்டை போட்டு விளக்கு மாட்டுகிற ஊரில், ஓட்டை இன்ஜினியருக்கு ஒருநாளும் வேலை இல்லாமல் போகாது என்பதை நினைத்தால்தான் எனக்குத் திகிலாக இருக்கிறது.